ஒசாகாவிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோருடன் ஒசாகாவில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். தினமும் ஓர் ஊருக்குப் போய்விட்டு இரவில் அறைக்குத் திரும்பத் திட்டம். ஜப்பான் ரயில் பாஸ் வாங்கி, புல்லட் ரயிலில் போய்வருவதே லாபம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது லாபமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. ஏழு நாளுக்கான சாதாரண வகுப்பு பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. ஒசாகாவை ஒட்டிய ஊர்களுக்கு மட்டும் போய்வருகிறவர் அதில் பாதியைச் செலவழிப்பதே கடினம். தவிரவும், நாராவுக்கும் கோயா மலைக்கும் வசதியான ரயில்களை ஓட்டுபவை கின்டெட்சு, நான்கை என்னும் தனியார் நிறுவனங்கள். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) குழுமத்தின் இந்தப் பாஸ் அவற்றில் செல்லாது.

புல்லட் ரயில் நகர மையத்திலுள்ள ஒசாகா நிலையத்துக்கு வருவதில்லை. யோதோ ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஷின்-ஒசாகாவில் நிற்கிறது. அங்கிருந்து கியோட்டோ 15 நிமிடம்தான் என்றாலும், அந்த நிலையத்துக்குப் போய், படியேறி, நடைமேடை தேடிக் காத்திருப்பதற்குள் மிச்சப்பட்ட நேரம் கரைந்துவிடும். ஒசாகா நிலையத்திலேயே ஷின்கைசோக்கு என்னும் விரைவு ரயிலில் ஏறினால், பயணக் கட்டணத்துக்கு மேல் ஒரு யென்கூடக் கொடுக்காமல், அரை மணியில் கியோட்டோவையும் எதிர்த்திசையில் சுமார் ஒரு மணி நேரத்தில் கோட்டை நகரான ஹிமேஜியையும் அடையலாம். மணிக்கு 130 கிலோமீட்டர் வரை ஓடும் இந்த ரயில் பகலில் கால் மணிக்கு ஒன்று வீதம் கிடைக்கிறது. விடுமுறை நாள்களில் நின்றபடி போக நேரலாம் என்பதால், ஒன்பதாம் பெட்டியில் 'ஏ சீட்' என்னும் முன்பதிவு இருக்கைகள் உள்ள வண்டியாகப் பார்த்துப் பெற்றோருக்கு இடம் எடுங்கள். எல்லா வண்டிகளிலும் அந்தப் பெட்டி இருக்காது.

கேள்வி: நாராவுக்கு ஜேஆர், கின்டெட்சு என இரண்டு தடங்கள் இருக்கின்றனவே, எதில் போவது?

பதில்: கின்டெட்சுவில். ஜேஆர் நாரா நிலையத்திலிருந்து தோதாய்ஜி கோயிலுக்கு நடக்க அரை மணிக்கு மேலாகும். தரைக்கடியில் இருக்கும் கின்டெட்சு நாரா நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், ஐந்து நிமிடத்தில் கோஃபுக்குஜி கோயிலும் இருபது நிமிடத்தில் தோதாய்ஜியும் வந்துவிடும். ஒசாகா-நம்பாவிலிருந்து 'ரேபிட் எக்ஸ்பிரஸ்' சுமார் 40 நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது; கட்டணம் 680 யென். 'லிமிடெட் எக்ஸ்பிரஸ்' என்று பலகையில் இருந்தால் அதற்கு இருக்கைச் சீட்டும் தனியே வாங்க வேண்டும்.

போகும்போது இடப்பக்கம் நில்லுங்கள். இகோமா மலைச்சரிவில் ரயில் ஏறும்போது ஒசாகா நகரம் கீழே விரிந்து கிடக்கும். உடனே ஒரு நீண்ட சுரங்கம். யமதோ-சைதாய்ஜி தாண்டியதும், 710 முதல் 784 வரை பெரும்பாலும் தலைநகராக இருந்த ஹெய்ஜோவின் அரண்மனைத் திடலை ரயில் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது: இடப்பக்கம் 2010-இல் மீண்டும் எழுப்பிய அரசவை மண்டபம், வலப்பக்கம் செந்நிறச் சுசாக்கு வாயில். கைப்பேசியில் மூழ்கியிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தோதாய்ஜியின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. 752-இல் அதற்குக் கண் திறந்துவைத்தவர், 736-இல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தோர் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்குபெற்றார்கள். இப்போதுள்ள மண்டபம் 1709-இல் கட்டி முடித்தது. வழியில் திரியும் மான்களுக்கான பிஸ்கட்டைக் கையில் எடுத்ததும் அவை கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். வரைபடத் தாளையும் பயணச் சீட்டையும் பைக்குள் வைத்த பிறகு பிஸ்கட் வாங்குங்கள்.

கேள்வி: கியோட்டோ, நாரா இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பெற்றோரை அழைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கோயா மலையில் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டோம். ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் இது நான்கு கட்டப் பயணம். நம்பாவிலிருந்து நான்கை ரயிலில் புறப்பட்டு, பெரும்பாலும் ஹஷிமோதோவில் சிறிய வண்டிக்கு மாறி, கோகுராகுபாஷியில் இறங்கி, ஐந்து நிமிடம் கேபிள் காரில் ஏறி, பிறகு பேருந்தில் ஊருக்குள் செல்ல வேண்டும். கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் நடக்க அனுமதியில்லை; அது பேருந்துகளுக்கானது. ஒரு வழிக்கே இரண்டு மணிக்கு மேல் ஆகும். ஹஷிமோதோவுக்கு அப்பால் ஆயிரம் மீட்டருக்கு 50 மீட்டர் ஏற்றத்தில், கூர்மையான வளைவுகளில், சக்கரங்கள் கிறீச்சிட ரயில் மெல்ல ஊர்ந்து செல்லும். எனக்கு இந்தப் பகுதிதான் முழுப் பயணத்திலும் பிடித்தது.

816-இல் இம்மலையைப் பெற்று மடம் நிறுவிய கூக்காய் என்னும் துறவி 835-இல் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஏறத்தாழ நம் ஜீவசமாதி போல. ஓக்குனோயின் என்னும் இடுகாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கும் ஓங்கிய தேவதாரு மரங்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அவர் சன்னிதி. தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் துறவியர் உணவுப் பெட்டியைச் சுமந்துபோய் அவருக்குப் படைக்கிறார்கள். பத்தரை மணிப் படையலைக் காண விரும்பினால், ஏழு மணிக்கு முன்பே நம்பாவில் ரயில் ஏறிவிடுங்கள்.

ஷோஜின் என்னும் மடத்துச் சைவ உணவில் மீனும் இறைச்சியும் கிடையாது. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. கடற்பாசியும் காளானும் ஊறிய சாறே அடிப்படை. மதிய உணவுக்குப் பல மடங்களில் முன்பதிவு வேண்டும். மற்ற ஊர்களில் 'இறைச்சி இல்லை' என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள். காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் காயவைத்த சூரை மீனின் சாறு கலந்திருப்பது அங்கே வெகு சாதாரணம். அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பயணச் சீட்டு வாங்க வேண்டுமா?

பதில்: முன்கூட்டியே பணம் போட்டுவைத்துப் பயணிக்கும் இக்கோகா அட்டையை ஆளுக்கொன்று வாங்குங்கள்; ஓர் அட்டையில் இருவர் போக முடியாது. 2,000 யென் கொடுத்தால் 500 யென் முன்பணம் போக மீதி பயணத்துக்கு. ஜேஆர், கின்டெட்சு, நான்கை, ஒசாகா மெட்ரோ அனைத்திலும் செல்லும். ஒரே ஒரு குறை: ஏதேனும் ஒரு தடத்தில் ரயில்கள் நின்றுபோனால், பயணச் சீட்டு உள்ளவர்களை வேறு நிறுவன ரயிலில் கட்டணமின்றி அனுப்பும் ஏற்பாடு, அட்டையிலுள்ள பணத்தில் பயணிப்பவர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: கடைசி ரயிலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

பதில்: கியோட்டோ, நாரா, ஹிமேஜி மூன்றிலிருந்தும் இரவு வெகுநேரம் வரை ரயில் உண்டு. நீங்கள் அஞ்ச வேண்டியது கோயில் கதவுகளுக்கு. தோதாய்ஜி மண்டபம் நவம்பர் முதல் மார்ச் வரை மாலை ஐந்து மணிக்கும் மற்ற மாதங்களில் ஐந்தரைக்கும் மூடப்படுகிறது. ஹிமேஜி கோட்டையில் வழக்கமாக நான்கு மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. 1609-இல் எழுந்த அந்தக் கோட்டைக் கோபுரத்தில் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் வெளித்திடலில் இருந்து கோபுரத்தைப் பார்ப்பதே போதும். அதன் அழகு வெளித்தோற்றத்தில்தான் இருக்கிறது.