பனிச்சறுக்கு பழக குல்மார்க் போகலாமா, ஔலி போகலாமா?

பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு, சென்னையிலிருந்து கணவன், மனைவி, 10 வயதுப் பையன், மூன்று பேருமே பனியில் கால் வைத்ததில்லை, ஸ்கீ பழகணும், எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போங்கள். இரண்டு இடத்திலும் பழகியிருக்கிறேன், என் மனசுக்கு நெருக்கமானது உத்தராகண்டில் இருக்கும் ஔலிதான், ஆனாலும் ஒரு வாரத்துக்கு குல்மார்க் என்றுதான் சொல்வேன்.

முதல் காரணம் பயணம். டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம், அங்கிருந்து குல்மார்க் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். விடியற்காலை விமானம் கிடைத்தால் அன்று மாலையே பனியில் நிற்கலாம். கடைசி 13 கிலோமீட்டர், அதாவது தங்மார்க்கிலிருந்து மேலே ஏறுகிற பாதை, பனி விழுந்த நாட்களில் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டியோ நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியோ இல்லாமல் விடமாட்டார்கள், அதனால் ஸ்ரீநகரில் டாக்சி பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். ஔலிக்கு டேராடூன் வரை விமானம், அப்புறம் ரிஷிகேஷிலிருந்து ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊர் வரைக்கும் மட்டுமே சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு முழுப் பகல் போய்விடும், திரும்பும்போது இன்னொரு பகல். தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று நதிகள் கூடும் இடங்களைத் தொட்டுக்கொண்டே போகும் பத்ரிநாத் பாதை அது, ஜோஷிமட்டைத்தான் திருமங்கை ஆழ்வார் பாடிய திருப்பிரிதி என்று சொல்வார்கள், பெருமாளைப் பார்க்கணும் என்ற ஆசையும் இருந்தால் அந்தப் பயணமே ஒரு பேறு. ஆனால் ஸ்கீ பழகத்தான் போகிறோம் என்றால் ஏழு நாளில் நாலு நாள் காரிலும் விமானத்திலும் கழிவது கட்டுப்படியாகாது. இன்னொன்று, ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு 4 கிலோமீட்டர் ரோப்கார் என்று பழைய வீடியோக்களில் காட்டுவார்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், சாலை வழியே ஏறிவிடலாம்.

இரண்டாவது, பனி. இது இப்போதெல்லாம் எங்குமே உறுதியில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கே புல்லும் மண்ணுமாகக் கிடந்தது, 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனி இல்லை என்று மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அங்கேயே இந்தக் கதி என்றால் ஔலியில் இன்னும் மோசம். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக செயற்கைப் பனி இயந்திரமெல்லாம் வைத்தார்கள், அப்படியும் பனி போதாமல் போட்டிகள் ரத்தான வருடங்கள் உண்டு. குல்மார்க் ஊர் 2,650 மீட்டர் உயரம், கீழே பனி மெலிந்தாலும் கோண்டோலா என்கிற ரோப்காரின் முதல் கட்டத்தில் ஏறி 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொங்டூரிக்குப் போனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த ஒரு வசதிக்காகவே குல்மார்க். பிப்ரவரி நடுவில் போங்கள், கிளம்புவதற்கு முந்தின வாரம் ஹோட்டலில் போன் பண்ணி இன்றைக்கு எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இணையத்தில் வரும் குல்மார்க் படங்களில் பாதிக்கு மேல் கோண்டோலா இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டரில் எடுத்தவை. அது உங்களுக்கான சரிவு இல்லை. பார்க்கணும் என்றால் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்து, ஏறி, பார்த்துவிட்டு, அதே பெட்டியில் கீழே வந்துவிடுங்கள். அங்கே ரோந்து போய்ச் சரிபார்த்த பகுதிக்கு வெளியே பனிச்சரிவு வரும், 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் அந்த மலையில்தான் செத்தார்கள், அவர்கள் ஸ்கீ தெரிந்தவர்கள். "நான் கூட்டிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், பையன் அழுதாலும்.

பழகுவது ஊருக்குள்ளேயே இருக்கும் மெல்லிய சரிவுகளில். ஒரே பயிற்சியாளரைக் குறைந்தது மூன்று நாளைக்கு, நாளுக்கு இவ்வளவு, பூட்ஸும் பலகையும் சேர்த்தா தனியா என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் பழகிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே அதிகம், பயிற்சியாளர்களும் உங்களை அப்படித்தான் நினைப்பார்கள். முதல் காலை முழுக்க சறுக்கவே மாட்டீர்கள். ஒரு காலில் மட்டும் பலகை மாட்டி நடப்பது, பக்கவாட்டில் படிப்படியாகச் சரிவு ஏறுவது, விழுந்தால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி எழுவது, அப்புறம் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து நிற்பது. இந்தக் கடைசி விஷயம் வந்துவிட்டால் பிரேக் வந்துவிட்டது, மற்றதெல்லாம் தானாக வரும். பையனுக்கு உங்களைவிட முன்னாடியே வந்துவிடும், அதற்காக அவனைத் தனியே மேலே அனுப்பாதீர்கள்.

பூட்ஸில் கவனம் வையுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போடுவது நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வது, ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும்தான் விறைக்கும். முழங்கால் வரை வரும் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், உள்ளே பேன்ட் நுனியோ தெர்மல் மடிப்போ எதுவும் மாட்டக்கூடாது. பக்கிள் எல்லாம் போட்டபின் முழங்காலை மடக்கி முன்னால் சாயுங்கள், முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தணும், குதிகால் தூக்கக் கூடாது. தூக்கினால் கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள், நாலு ஜோடி மாற்றினாலும் பரவாயில்லை. வாடகைக் கடைகளில் பழசும் புதுசும் கலந்துதான் இருக்கும்.

ஔலியை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் நந்தாதேவி. 7,816 மீட்டர் சிகரம் எதிரே நிற்க, கூட்டமில்லாத ஒரே சரிவில் நாள் முழுக்கப் பழகலாம். அங்கே கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்கிற மாநில அரசு சுற்றுலா நிறுவனம் நடத்தும் 7 நாள், 14 நாள் பயிற்சிகளில் தங்குமிடம், சாப்பாடு, பலகை, பயிற்சியாளர் எல்லாம் அடக்கம், பேரம் பேசுகிற வேலையே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் லீவு கிடைக்கிற வருடம் யோசிக்காமல் அங்கே போங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், அதனால் திரும்பும் தேதிக்கும் நீங்கள் ஆபீஸில் இருக்க வேண்டிய தேதிக்கும் நடுவில் ஒரு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். பையனுக்கு ஹெல்மெட் அங்கே சரியான அளவில் கிடைப்பது சிரமம், இங்கேயே வாங்கிப் போய்விடுங்கள்.