வைஃபை தகராறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: உபுண்டு லினக்ஸில் வைஃபை அடிக்கடி கட்டாகிறது. தீர்வு சொல்லவும்.

பதில்: எந்த சிப், எந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி)? ஒன்றுமே எழுதாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். எல்எஸ்பிசிஐ (கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) காட்டும் வரியையும், கட்டான நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கர்னல் லாகையும் (கர்னல் எழுதிவைக்கும் பதிவு) அனுப்புங்கள்.

கேள்வி: இன்டெல் கார்டு. லாகில் 'மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர்' என்று வருகிறது. சில நொடிகளில் நெட் தானாகத் திரும்பிவிடுகிறது. கார்டு போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் (கார்டின் சொந்த மென்பொருள்) கிராஷ் ஆகிறது, டிரைவர் அதை மறுபடி எழுப்புகிறது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பியுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால், கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலை எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: வைஃபை சிப் ரியல்டெக் 8821சிஇ. நெட்டில் கிடைத்த டிரைவரைப் போட்டேன். நன்றாக ஓடியது. கர்னல் அப்டேட் ஆனதும் வைஃபையே காணோம்!

பதில்: வாரம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது. இந்த சிப்புக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 5.9 பதிப்பிலிருந்தே கர்னலுக்குள் இருக்கிறது. அதைச் சோதிக்காமல் எவரோ எழுதிய ஸ்கிரிப்டை சூடோ போட்டு (முழு அதிகாரம் கொடுத்து) ஓட்டுவானேன்? வெளியிலிருந்து போட்ட டிரைவரைக் கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் (வெளி டிரைவர்களைக் கர்னலுக்கு ஏற்பக் கட்டும் கருவி) புதிதாக பில்ட் செய்ய வேண்டும். ஹெடர் பேக்கேஜ் (பில்டுக்கு வேண்டிய கர்னல் கோப்புகள்) இல்லையென்றாலோ, கர்னலின் உள் அமைப்பு மாறியிருந்தாலோ பில்ட் ஆகாது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) இருந்தால், டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவர் மாட்யூலைக் கர்னல் ஏற்காது. போகட்டும், இப்போது டிகேஎம்எஸ் வழியாக அந்த டிரைவரை நீக்குங்கள். அப்புறம் டிரைவர் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கர்னல் டிரைவரைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் வரியை அந்த ஸ்கிரிப்ட் விட்டுப் போயிருக்கும். பலரும் இதை மறந்துவிட்டு 'உள்ளே இருக்கும் டிரைவர் வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறார்கள். வரியை எடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பிறகும் கட்டானால் 'டிசேபிள் எல்பிஎஸ் டீப்' (சிப்பின் ஆழ்ந்த தூக்கத்தை நிறுத்துவது) ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் 'டிசேபிள் ஏஎஸ்பிஎம்' (கார்டு இணைப்பின் மின்சேமிப்பை நிறுத்துவது). ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எது பலித்தது என்றே தெரியாது.

கேள்வி: வைஃபை பவர் சேவிங்கை (மின்சேமிப்பை) நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?

பதில்: நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் நிரல்) கான்ஃபிகில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வையுங்கள். 3 போட்டால் ஆன் ஆகிவிடும், கவனம்.

கேள்வி: யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கைச் செருகினால் வைஃபை இழுக்கிறது. டிரைவர் கோளாறா?

பதில்: இல்லை. யூஎஸ்பி 3 கிளப்பும் ரேடியோ இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் விழுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ரவுட்டரில் அது இல்லையென்றால் நல்ல ஷீல்டிங் உள்ள கேபிள் வாங்கி, டிஸ்கைத் தள்ளி வையுங்கள்.