பழைய அளவுப் பட்டியலில் ஓடிய கட்டிங்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். அலுவலகத்தில் 12 பேர். டெக் பேக் (ஆடையை எப்படித் தைக்க வேண்டும் என்ற விவரக் கோப்பு), அளவுப் பட்டியல் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போய்வருகின்றன. சென்ற மாதம் பையர் (ஆர்டர் கொடுப்பவர்) திருத்திய பட்டியலைக் கவனிக்காமல், பழையதை வைத்துத் துணியைக் கட்டிங் போட்டுவிட்டோம். ஆவண மேலாண்மை மென்பொருள் வாங்கினால் இது நிற்குமா?

பதில்: நிற்கும், ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. இப்போது ஒரே பட்டியல் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்), பேட்டர்ன் மாஸ்டர் (வெட்டும் வடிவத்தை வரைபவர்), கட்டிங் மாஸ்டர் என்று ஒவ்வொருவர் போனிலும் தனித்தனிப் பிரதியாக இருக்கிறது. பையர் திருத்தினால் அத்தனை பிரதிகளும் பழசாகிவிடும். எது பழசு என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தார் எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் ஆன்லைன் இடத்தில் ஒரே கோப்பாக வைத்து, எல்லோருக்கும் அதன் இணைப்பை மட்டும் அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. புதிய பட்டியல் வந்ததும் தனிக் கோப்பாக ஏற்றாதீர்கள். பழைய கோப்பின் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். அப்போதுதான் இணைப்பு மாறாது. அந்த இணைப்பின் க்யூஆர் குறியீட்டை ஜாப் கார்டில் (ஆர்டரோடு போகும் வேலை அட்டையில்) ஒட்டிவிடுங்கள். கட்டிங் மாஸ்டர் ஸ்கேன் செய்தால் இன்றைய பட்டியல்தான் திறக்கும். மேசையில் பழைய பிரிண்ட் கிடந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. அதை அன்றே கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

கோப்புகளை ஆன்லைனில் வைக்க ஜோஹோ ஒர்க்டிரைவ், கூகுள் டிரைவ், ஷேர்பாயின்ட் மூன்றுமே உங்கள் அளவுக்குப் போதும். கூகுள் டிரைவ் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்றிய பிடிஎஃப், எக்செல் கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளுக்கு அப்புறம் அழிந்துபோகலாம். பையரோடு தகராறு வந்தால் அவைதான் சாட்சி. முக்கியமானவற்றை நிரந்தரமாக வைக்கும்படி நீங்களே குறித்துவிட வேண்டும்.

கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ஊழியரின் சொந்த ஜிமெயிலில் எல்லாம் இருந்து, அவர் வேலையை விட்டுப் போனபின் முதலாளி ஃபைலுக்காகக் கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

இன்வாய்ஸ்களையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆடிட்டருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சரி, எதில் தொடங்குவது? அடிக்கடி திருத்தம் அனுப்பும் அந்த பையரின் அடுத்த ஆர்டரில்.