எல்லாமே 'எச்சரிக்கை' இல்லை

கேள்வி: வாட்ச், அலர்ட், காஷன், வார்னிங், டேஞ்சர்... எதை அகராதியில் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி 'எச்சரிக்கை' என்றுதான் வருகிறது. ஒரே பொருளுக்கு எதற்கு இத்தனை இங்கிலீஷ் வார்த்தை? பாம்பனில் ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினால், கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கனை நிறுத்திவிடுகிறார்கள், பல தடவை கரையில் இலைகூட அசைவதில்லை. சும்மா பயம் காட்டுகிறார்களா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பாம்பன் கூண்டு ஒரு நடைதூரத்தில் இருக்கும்போது நீங்கள் அகராதியில் போய்த் தேடியதுதான் தப்பு. அகராதிக்கு இவை எல்லாம் ஒரே குடும்பம், சரி. வானிலைத் துறைக்கும் துறைமுகத்துக்கும் அப்படி இல்லை, ஒவ்வொரு வார்த்தைக்கும் இத்தனை மணி நேரம், இவ்வளவு காற்று வேகம், இந்த இடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஒண்ணாம் நம்பரையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் டிஸ்டன்ட் காஷனரி. டிஸ்டன்ட் என்றால் தொலைவில். எங்கோ நடுக்கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று கிளம்பியிருக்கிறது, புயலாக மாறலாம், துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கூண்டு சொல்வது இவ்வளவுதான். அப்படியிருக்க, கரையில் இலை அசையவில்லை என்றால் கூண்டு பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. ரெண்டாம் நம்பர் டிஸ்டன்ட் வார்னிங்: அதே தொலைவில் புயலே உருவாகிவிட்டது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலுக்கு ஆபத்து. காஷன் என்பது வரலாம் என்பதற்கு, வார்னிங் என்பது வந்துவிட்டது என்பதற்கு. மூன்றும் நாலும் லோக்கல், அதாவது நம்ம துறைமுகமே. மூன்றில் சூறைக்காற்று, நாலில் புயல். நாலு கூண்டுக்கும் சேர்த்து டிவியில் ஓடுவது 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற ஒரே வரி. நம்பரை மட்டும் மாற்றுகிறார்கள், அது என்ன நம்பர் என்று சொல்ல ஆள் இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

5, 6, 7 டேஞ்சர். 8, 9, 10 கிரேட் டேஞ்சர். முதல் மூன்றில் வருவது மிதமான புயல், அடுத்த மூன்றில் தீவிரப் புயல். ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் நம்பர் மாறுவது புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கடக்கிறது, இல்லை துறைமுகத்தின் மேலேயே வருகிறதா என்பதை வைத்து. எனவே 5க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் பலத்தில் இல்லை, வழியில். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் எந்த நம்பர் என்பதைச் சொல்லும்.

இந்த வாட்ச், அலர்ட், வார்னிங் மூன்றும் வேறு வரிசை, அங்கே கணக்கு நேரத்தில். குறைந்தது 72 மணி நேரம் முன்பே வருவது ப்ரீ சைக்ளோன் வாட்ச். கரையோரம் வானிலை மோசமாவதற்கு 48 மணி நேரம் முன்பு அலர்ட், 24 மணி நேரம் முன்பு வார்னிங். கடைசியாக ஒன்று உண்டு, போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக். பெயரில் போஸ்ட் இருப்பதால் கரையைக் கடந்த பிறகு தருவது என்று நினைத்துவிடாதீர்கள். கடக்க 12 மணி நேரம் இருக்கும்போதே தருகிறார்கள், கடந்த பிறகு உள்ளே எந்த ஊர் எப்படி ஆகும் என்பதுதான் அதில் இருக்கும். வாட்ச் வரும்போது படகை இழுத்துக் கட்ட, வலையைத் தூக்க மூன்று நாள் இருக்கிறது. வார்னிங்கில் ஒரே நாள். இரண்டும் ஒன்று என்று யாராவது ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் இந்த 'ரெட் அலர்ட்'. வானிலைத் துறையின் வண்ணப் பட்டியலில் மஞ்சள் வாட்ச், ஆரஞ்சு அலர்ட், சிவப்பு வார்னிங். சிவப்பு என்றால் தயாராக இரு என்ற கட்டம் முடிந்தது, உடனே செயலில் இறங்கு என்று பொருள். இதில் புயல்தான் வர வேண்டும் என்றும் இல்லை. 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அன்று புயல் கிடையாது. 20 செ.மீ.யைத் தாண்டினாலே அது 'அதி கனமழை' கணக்கு. கனமழை, மிக கனமழை, அதி கனமழை மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு.

உங்கள் சந்தேகம் பொருந்துகிற இடமும் ஒன்று இருக்கிறது. சைக்ளோன், ஹரிகேன், டைஃபூன் மூன்றும் ஒரே வகைக் காற்றுதான், கடல் தான் வேறு. நமக்கு சைக்ளோன், அட்லான்டிக்கில் ஹரிகேன், மேற்கு பசிபிக்கில் டைஃபூன். அங்கேயும் ஒரு நூல் வித்தியாசம்: நம் பக்கம் மணிக்கு 62 கி.மீ. தொட்டாலே புயல் என்று பெயர் வைத்துவிடுவோம், ஹரிகேன் பட்டம் வாங்க 119 ஆக வேண்டும்.

டோக்கன் விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை, வாங்கின முன்பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அந்த வருத்தம் நியாயம். ஆனால் அதைக் கூண்டின் மேல் போடாதீர்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை தனியாக வருகிறது. 'மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று' என்று தினமும் கேட்கிறீர்களே, அதுதான். மீன்வளத் துறை டோக்கனை நிறுத்தும்போது கேட்க வேண்டியது அந்த வேகம் எந்தக் கடல் பகுதிக்கு, எந்த நேரத்துக்குச் சொன்னது என்று. பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும்போது மன்னார் வளைகுடாவுக்குச் சொன்னதை வைத்து இரண்டு பக்கமும் நிறுத்தினால், அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.