இலக்கு அட்டையும் தகர டப்பாவும் சுட, முதல் ஏர் பிஸ்டலாக எதை வாங்கலாம்?

இதுவரை துப்பாக்கி பிடித்ததில்லை, பத்து மீட்டர் இடம் இருக்கிறது, அட்டையிலும் சுட வேண்டும், டப்பாவையும் உருட்ட வேண்டும், எவ்வளவு பவர் உள்ளதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பவரை விடுங்கள். ட்ரிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

நான் அப்படி வாங்கவில்லை. நிஜக் கைத்துப்பாக்கியை அச்சு அசலாக நகலெடுத்த ஒன்றைப் பார்த்து மயங்கினேன். சுட்டால் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றதெல்லாம் உண்டு, வேண்டாம். உள்ளே 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி, சுடுவதற்கு பிபி எனப்படும் உருண்டையான எஃகு குண்டு. பத்து மீட்டரில் அட்டை வைத்தால் ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. மூன்று மாதம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது. பிபி குண்டு குழாயைவிட ஒரு துளி சிறியது, அந்தக் குழாய்க்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளமும் கிடையாது. போகிற போக்கில்தான் போகும். போதாக்குறைக்கு, அடுத்தடுத்துச் சுட்டால் குப்பி சில்லிட்டு அழுத்தம் இறங்கும், குறி கீழே தொங்கும். டப்பா உருட்ட ஜாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துச் சுடக் கற்றுக்கொள்ள முடியாது, ஏனென்றால் தப்பு உங்களுடையதா பிஸ்டலுடையதா என்றே தெரியாது.

இரண்டாவதாக வாங்கியது ஒரே ஒரு தடவை காற்றடித்தால் சுடத் தயாராகும் வகை. உங்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். வைராக் எச்டபிள்யூ 40, கிட்டத்தட்ட அதே அமைப்பில் வரும் பீமன் பி17 இரண்டும் இந்த ரகம். மேல்பாகத்தைத் தூக்கி முன்பக்கமாக விரிக்க வேண்டும். பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, குழாயின் பின்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம் மூட வேண்டும், அந்த மூடுதல்தான் காற்றடிப்பது. மூடும்போது முதல் பாதி லேசாக வரும், கடைசி நாலு விரற்கடை நன்றாகவே முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் விரல் நடுவில் சிக்கினால் அன்றைக்குச் சுட்டது போதும். ஐம்பது தடவை செய்தால் முன்கை வலிக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இதில் குப்பிச் செலவு இல்லை, சுடும்போது உதைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். ட்ரிக்கர் இரண்டு கட்டமாக வரும். முதலில் சும்மா நகர்ந்து ஒரு இடத்தில் முட்டி நிற்கும், அதற்கு மேல் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். அந்த முட்டும் இடத்தை விரல் கண்டுகொண்ட நாளில்தான் நான் உருப்படியாகச் சுட ஆரம்பித்தேன். முன்குறி, அதாவது குழாயின் முனையில் குறி பார்க்க இருக்கும் சின்ன மேடு, எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆட்டம் நின்றதும் சுடலாம் என்று காத்திருந்தால் கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடுவோம். ஆடட்டும் என்று விட்டுவிட்டு விரலை மட்டும் மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். கண் முன்குறியில் இருக்கட்டும், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும்.

ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவது சலிக்காதா என்று தோன்றும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அங்கே ட்ரிக்கர் எடைக்குத்தான் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது, வேகம் இவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தாளில் ஓட்டை போட எத்தனை பவர் வேண்டும்?

ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் பிஸ்டலைப் பலர் சிபாரிசு செய்வார்கள். உழைக்கும், உண்மைதான். ஆனால் பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் குதித்துவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு இடம் மாறும். பழகியவர் கைக்குச் சரி. முன்கூட்டியே காற்று நிரப்பும் போட்டி ரகங்கள் அருமையானவை, ஆனால் பம்ப், சிலிண்டர் என்று செலவு வால் பிடித்து வரும். போட்டிக்குப் போவது நிச்சயமான பிறகு பார்க்கலாம்.

குண்டு 4.5 மில்லிமீட்டர் போதும். அட்டைக்குத் தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள், ஓட்டை பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக விழும், புள்ளி எண்ணச் சுலபம். இரண்டு மூன்று பிராண்டு சிறு டப்பாக்களாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

டப்பாவைச் சுவர் முன்னால் வைக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் பழைய செய்தித்தாளைத் திணித்து இறுக்கி, அதன் முன்னால் கயிற்றில் தொங்கவிடுங்கள், பட்டால் ஆடும், ஓடிப்போய் எடுத்து வைக்கிற வேலையும் மிச்சம். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. எஃகு பிபி கடினமான எதில் பட்டாலும் சுட்டவரைத் தேடித் திரும்பி வரும். எனக்கு ஒருமுறை முழங்காலில் பட்டது, கொஞ்சம் மேலே வந்திருந்தால் இந்தப் பதிலை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன். பாதுகாப்புக் கண்ணாடியைப் பிஸ்டலோடு சேர்த்தே வாங்குங்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் ஒன்று. ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், காசு கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

நீங்கள் இடதுகைக்காரர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பிடியா என்று கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வலதுகைக்கென்று கட்டைவிரல் மேடை வைத்துச் செதுக்கிய பிடியை இடதுகையில் வைத்துக்கொண்டு என் நண்பர் இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.