ஆட்டு முதுகில் கரிச்சான் – கடிதம்

அன்புள்ள சார்,

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்தாறு வருடமாகப் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். பி.எஃப். கடன் போட்டு, தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஆண்கள் மாதாமாதம் கபினி, பந்திப்பூர், முதுமலை என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னால் முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லூர்ப்பேட்டை ஏரிக்கரைக்குத் தனியாகப் போவதற்கே வீட்டில் நாலு கேள்வி வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு படமும் முந்தையதைவிட நன்றாக வந்தது. இப்போது கொஞ்ச காலமாக அதே மீன்கொத்தி, அதே நீலத் தாழைக்கோழி. ஷார்ப்பாக இருக்கிறது, லைக் விழுகிறது, எனக்கே அலுப்பாக இருக்கிறது. காட்டுக்குப் போக முடியாததால்தான் நான் வளரவில்லையா?

இன்னும் இரண்டு சந்தேகம். மதியத்தில் ஏரியின் அக்கரையை எடுத்தால் எல்லாப் படமும் கலங்கலாக வருகிறது. லென்ஸில்தான் குறை, மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். அப்புறம், தேன்சிட்டுக் கூட்டை மறைத்த கிளைகளை வெட்டிவிட்டு ஒருவர் எடுத்த படத்துக்குக் குழுவில் பெரிய பாராட்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா?

பன்னிரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். கடைசிப் படம் மொபைலில் எடுத்தது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. அறுவடை முடிந்த கொல்லையில் ஆடுகள் மேய்கின்றன. ஒரு வெள்ளாட்டின் முதுகில் கரிச்சான் (உங்கள் பிள்ளைகள் சொல்லும் இரட்டைவால் குருவி) உட்கார்ந்திருக்கிறது. பின்னால் நம் பக்கத்துக்கே உரிய மொட்டைப் பாறைக் குன்று. ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிற அம்மா. கரிச்சான் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கிறது, அதன் கண்கூடத் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

மற்ற பதினொன்றையும் குறை சொல்ல முடியாது. ஃபோகஸ் கண்ணில் இருக்கிறது, பின்னணி சுத்தமாகக் கரைந்திருக்கிறது. ஆனால் அந்த மீன்கொத்தி குடியாத்தத்தில் இருக்கிறதா, ராஜஸ்தானில் பரத்பூரில் இருக்கிறதா என்று கேட்டால் படத்தில் பதில் இல்லை. அது என்ன பறவை என்பது மட்டும்தான் தெரிகிறது. ஆட்டுப் படத்தில் அந்தக் கரிச்சான் எப்படிப் பிழைக்கிறது என்பது தெரிகிறது. ஆடு நடக்க நடக்க, புல்லுக்குள் கிடக்கும் வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும் கிளம்பும். முதுகிலிருந்து ஒரே பாய்ச்சலில் பிடித்துக்கொண்டு கரிச்சான் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். ஆடு, அம்மா, கொல்லை, பறவை, எல்லாம் ஒரே வாழ்க்கையின் பகுதியாக அந்தப் படத்தில் வந்திருக்கின்றன. கையில் மொபைல் மட்டும் இருந்ததால், இழுத்து எடுக்க வழியில்லாமல், சுற்றியிருந்ததும் சேர்ந்து விழுந்துவிட்டது. உங்கள் அலுப்புக்குக் காரணம் 600 மில்லிமீட்டர் என்று நினைக்கிறேன். அந்த லென்ஸ் பறவையை மட்டும் அறுத்து எடுத்துக் கொடுக்கிறது. முதல் சில வருடத்துக்கு அது போதும். அதற்கப்புறம் அந்தப் பறவை எதற்கு நடுவில் வாழ்கிறது என்று கேட்காவிட்டால் வண்டி நகராது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்கம்பம் ஆட்டின் தலையிலிருந்து முளைத்தது போல நிற்கிறது. நீங்கள் இடப்பக்கம் இரண்டு எட்டு நகர்ந்திருந்தால் கம்பம் ஆட்டை விட்டு விலகியிருக்கும். கம்பமே இல்லாமல் எடுக்கச் சொல்லவில்லை. கரிச்சான் பாதி நேரம் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கிராப் செய்து எறிவது கொஞ்சம் பொய். உட்கார்ந்து எடுத்திருந்தால் பறவை குன்றின் சாம்பல் நிறத்துக்கு மேலே வானத்தில் எழுந்து தெரிந்திருக்கும். நின்றபடி எடுத்ததால் கறுப்புப் பறவை கறுத்த பாறையோடு ஒட்டிவிட்டது. பறவைகள் மேலே பறக்கின்றன என்பதற்காக நாமும் நின்றுகொண்டே எடுக்கிறோம். புடவையில் மண் ஒட்டினால் ஒட்டட்டும்.

காட்டுக்குப் போக முடியாததால்தான் வளரவில்லையா என்று கேட்டீர்கள். ஒரு பெண் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போக நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது அநியாயம்தான். அதற்கு ஒரு தத்துவம் சொல்லி சமாதானப்படுத்த மாட்டேன். வாய்ப்பு வந்தால் கபினிக்குக் கட்டாயம் போய்வாருங்கள், யானைக் கூட்டத்தைப் பார்ப்பது ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் வளர்ச்சி என்று பார்த்தால் சஃபாரியில் கிடைப்பது கம்மி. ஜீப் நிற்கும் இடம் டிரைவர் கையில், நேரம் வனத்துறை கையில், கீழே இறங்கக் கூடாது. ஒரு புலி வந்தால் பத்து கேமராவும் ஒரே உயரத்திலிருந்து ஒரே படத்தை எடுக்கும். உங்கள் குழுவில் உள்ளவர்களின் படங்களைப் பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள். எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

உங்களிடம் இருப்பது வேறு. வருடம் முழுக்க, வாரத்தில் ஐந்து நாளும், ஒரே ஊருக்குப் போய் ஒரே மைதானத்தைப் பார்க்கிறீர்கள். எந்தச் சுற்றுலாக்காரருக்கும் இது வாய்க்காது. போதாததற்கு, எந்த மரத்தில் எது கூடு கட்டியிருக்கிறது, ஆடுகள் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் ஓட்டப்படுகின்றன என்று ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு யோசனை. ஒரு வருடத்துக்குக் கரிச்சானை மட்டும் எடுங்கள். அரிய பறவை வேண்டாம். அரிய பறவையைப் பார்த்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்ற சந்தோஷத்தில் கை அவசரப்படும், கண் வேலை செய்யாது. கரிச்சான் தினமும் கிடைக்கும். அதனால் ‘எடுத்தாயிற்று’ என்பதோடு நிற்க முடியாது, அடுத்து என்ன என்று யோசித்தே ஆகவேண்டும்.

யோசிக்க எவ்வளவு இருக்கிறது பாருங்கள். விடிவதற்கு முன்பே கூப்பிடத் தொடங்கும் பறவைகளில் அதுவும் ஒன்று. மொட்டைமாடிக்குப் போனால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இருட்டிய பிறகும் தெருவிளக்கைச் சுற்றும் பூச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேர்க்கடலை விதைக்க உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே வரும். வரப்பில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால் ஓடிவரும் பூச்சிக்காகப் புகைக்குள் பாயும். கல்யாண முருங்கை பூத்தால் தேன் குடிக்க வரும். மழை விட்டு ஈசல் கிளம்பும் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் கூடு கட்டிவிட்டால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையே முதுகில் கொத்தித் துரத்தும். அந்தப் பாதுகாப்பை நம்பி மற்ற சின்னப் பறவைகளும் அதே மரத்தில் கூடு வைப்பதுண்டு. இதில் எதுவும் காட்டுக்குள் நடப்பதில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் நடக்கிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் கரிச்சான் கண்டிப்பான வாத்தியார். வெளிச்சமான வானத்துக்கு முன் கறுப்புப் பறவையை வைத்தால், கேமரா வானத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். உங்கள் ஏழாவது படத்தில் கம்பியில் ஒரு கரிக்கட்டை உட்கார்ந்திருப்பது அதனால்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) ஒன்று, ஒன்றரை என்று கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஒன்பதாவது படத்தில் கொக்குக்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. இருண்ட தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டியதால் இறகு முழுக்க வெளுத்து வெந்துபோயிருக்கிறது. அங்கே ஒன்று குறைக்க வேண்டும். ஆனால் கூட்டிக் குறைப்பதோடு கரிச்சான் பாடம் முடிவதில்லை. அதன் கறுப்புக்குள் ஒரு நீலப் பளபளப்பு இருக்கிறது. வெளிச்சம் சாய்வாகப் பக்கத்திலிருந்து விழும்போதுதான் அது தெரியும். வாயோரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றும் இருக்கும். இந்த இரண்டும் படத்தில் வர எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று தேடத் தொடங்கினீர்கள் என்றால் வெளிச்சத்தைப் படிக்க வந்துவிடும். அதற்கு நான் பார்த்த எந்தப் பயிற்சி முகாமும் ஈடில்லை.

மதியப் படங்கள் கலங்குவதற்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். கோடையில் வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் நம் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சூடேறிய தரையும் பாறையும் மேலே உள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றும் அதைவிடக் குளிர்ந்த காற்றும் மாறி மாறிக் கலக்கும்போது, அதன் வழியாக வரும் வெளிச்சம் வளைந்து நெளிகிறது. ரோட்டில் கானலாகத் தெரிவதும் இதுதான். லென்ஸ் நீளமாக இருந்தால் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். ஷட்டர் வேகத்தை நொடியில் 2000-ல் ஒரு பங்குக்கு ஏற்றினாலும் போகாது, லட்ச ரூபாய் லென்ஸாலும் முடியாது. வழி இரண்டுதான். சீக்கிரமாக, தரை சூடேறுவதற்கு முன் எடுப்பது. அல்லது பறவைக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள காற்றைக் குறைப்பது, அதாவது கிட்டே இருப்பதை எடுப்பது. சந்தேகமிருந்தால், மேகம் மூடிய ஒரு காலையில் இருபதடி தள்ளி ஒரு செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மதியத்தில் கேமராவைச் சும்மா வைத்திருக்கவும் வேண்டாம். கேமராவோடு வந்த, அகலமாகக் காட்டும் 18–55 லென்ஸ் எங்கேயாவது பீரோவில் கிடக்கும், அதை எடுத்துப் போடுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பாறைகளில் ஓணான்கள் இருக்கும். கோடையிலிருந்து மழை வரும்வரை ஆண் ஓணான் சிவப்பும் கறுப்புமாக நிறம் மாறி, இருப்பதிலேயே உயரமான பாறையில் ஏறித் தண்டால் எடுக்கும். சண்டைக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றும். மெதுவாக, பல நாள் பழகினால் கிட்டே விடும். ஓணானும் பாறையும் தூரத்துக் குன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுத்துப் பாருங்கள். (பிள்ளைகள் அதைக் கல்லால் அடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நம் ஊர்ப் பையன்களுக்கு ஓணானைக் கண்டால் கை சும்மா இருக்காது.)

காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணனை (1912–1996) நீங்கள் படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கிண்டலாகப் பெயர் வைத்துக்கொண்டு, யானைகளைக் காட்டுக்கே போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அதே மனிதர் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதும்போது அதே மரியாதையோடு எழுதுவார். அவர் படங்களில் நிறம் இல்லாததால், விலங்கு எப்படி நிற்கிறது, எதைப் பார்க்கிறது என்பதில்தான் நம் கண் போய் நிற்கும். நாம் இன்று பஞ்சுருட்டான் பறவையின் பச்சையை நம்பிப் பிழைக்கிறோம். உங்கள் படங்கள் சிலவற்றைக் கம்ப்யூட்டரில் நிறம் நீக்கிப் பாருங்கள். நிறம் போனதும் ஒன்றுமே மிஞ்சாத படம் எது என்று உடனே தெரிந்துவிடும்.

லைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொபைல் திரையில் அரை நொடி பார்ப்பவர்களுக்கு ஷார்ப்பாக, பெரிதாக, நடுவில் இருக்கும் பறவைதான் பிடிக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த அரை நொடிக்காகவே எடுத்துக்கொண்டிருந்தால் கை அதற்கே பழகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் படங்களை ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு பீரோக் கதவில் ஒட்டிவையுங்கள். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும். எது முதலில் அலுக்கிறதோ அதைக் கழற்றிவிடுங்கள். எல்லோரும் பாராட்டியது முதல் வாரமே கழன்றுவிடுவதும், நீங்கள் அழிக்க நினைத்தது கடைசிவரை நிற்பதும் நடக்கும். ஏன் நிற்கிறது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எடுப்பதில் பாதி வேலைதான் நடக்கிறது. மீதி இந்தக் கழற்றலில்தான் நடக்கிறது, அதைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை.

தேன்சிட்டுக் கூட்டு விஷயம். நீங்கள் அதிகமாக யோசிக்கவில்லை. தேன்சிட்டு அந்தக் கிளைகளை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவை வெயிலையும் காக்கையின் கண்ணையும் தடுக்கின்றன. கிளைகளை வெட்டினால், நம் ஊர் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு தாங்குவது கஷ்டம். வெயில் விட்டுவைத்தாலும் காக்கை விட்டுவைக்காது. அந்தப் படம் எடுத்தவர் மறுநாள் போய்ப் பார்த்தாரா என்று குழுவில் கேளுங்கள். சண்டை வரும், வந்தால் வரட்டும். கூட்டுப் படங்களே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விதிவிலக்கு கேட்டால் தூக்கணாங்குருவியைச் சொல்வேன். கிணற்றுக்கு மேலே எட்டாத உயரத்தில் தொங்குவதைத் தூரத்திலிருந்து, எதையும் தொடாமல் எடுக்கலாம். ஆண் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் குழாய் போன்ற வாசலைக் கட்டி முடிக்கும். உங்கள் 600-க்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது.

தை மாதம் வாக்கில் கரிச்சான் படங்களில் கழன்று போகாமல் நின்றதை மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். மெயிலில் ஒரிஜினலாக அனுப்புங்கள், எடுத்த நேரத்தையும் அந்த நோட்டு வரிகளையும் சேர்த்து.