சிறு குப்பிக்கு எதற்கு ஒப்பந்தம்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கீழக்கரையைச் சேர்ந்தவள். கடற்பாசியில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா ஒன்றை வெளியூர் ஆய்வகம் கேட்டிருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திடும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்று எங்கள் அலுவலகம் இரண்டு மாதமாகக் கோப்பை வைத்திருக்கிறது. விலைக்கு விற்கவில்லை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பிதான். ஆய்வாளர்களுக்குள் இத்தனை அவநம்பிக்கை வேண்டுமா? நாளை வெளிநாட்டிலிருந்து கேட்டாலும் இதே தாள் போதுமா?

ஒரு வாசகி, கீழக்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மாதம் அதிகம்தான். அந்த அளவில் நான் உங்கள் பக்கம். ஆனால் ஒப்பந்தத்தை அவநம்பிக்கையின் அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் மிதவை கட்டிப் பாசி வளர்ப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசியை ஒருவர் இன்னொருவரிடம் வாங்கினால், 45 நாளில் அது மூன்று மடங்குக்கு மேல் பெருகி நிற்கும். கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டியது எவ்வளவு, வாங்கியவர் அதிலிருந்து வேறொருவருக்கு விதை கொடுக்கலாமா என்பதையெல்லாம் முதல் நாளே பேசிக்கொள்ளாவிட்டால் கரையில் சண்டைதான். புத்தகத்தை இரவல் கொடுத்தால் புத்தகம் ஒன்றாகவே இருக்கும். உங்கள் பாக்டீரியா அப்படியன்று. அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே வளர்ப்புத் தட்டு முழுவதும் பரவிவிடும்.

ஆகவே கொடுக்கப்படும் ‘பொருள்’ எது என்பதை வரையறுக்கும் பகுதிதான் இத்தகைய ஒப்பந்தத்துக்கு உயிர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1995இல் வெளியிட்ட பொது மாதிரி ஒப்பந்தம் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. உங்கள் குப்பியை வைத்தே சொல்கிறேன். அவர்கள் தட்டில் வளர்த்தெடுக்கும் அடுத்தடுத்த தலைமுறைகள் ‘வழித்தோன்றல்’. அது சுரக்கும் நொதியை மாற்றமின்றிப் பிரித்தெடுத்தால் அது ‘மாற்றப்படாத பெறுபொருள்’. இவை இரண்டும் கொடுத்த நிறுவனத்துக்கே உரியவை. அந்த நொதிக்கான மரபணுவை வேறொரு பாக்டீரியாவுக்குள் செலுத்திப் புதியதொன்றை உருவாக்கினால், உருவாக்கியவர்களுக்கு அது சொந்தம். ஆனால் அதற்குள் இருக்கும் உங்கள் பகுதி உங்கள் நிறுவனத்துக்கே உரியதாக இருக்கும். உங்களுக்கு என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரித்தெடுத்தது நீங்களே ஆனாலும் கொடுக்கும் அதிகாரம் நிறுவனத்தினுடையது. கோப்பு உங்கள் மேசையைத் தாண்டிப் போனதற்குக் காரணம் அதுதான். மூன்றாமவருக்குக் கொடுக்கக் கூடாது, மனிதரிடம் பயன்படுத்தக் கூடாது என்பன போன்ற மற்ற விதிகள் படித்தாலே விளங்கிவிடும்.

நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில், உறைபெட்டியின் அடித்தட்டில் ‘பாம்பன் 3’ என்று மார்க்கரால் எழுதிய குப்பி ஒன்று கிடந்தது. பனி படிந்து அந்த 3 பாதி அழிந்திருந்தது. அதில் இருந்த பாக்டீரியாவோ அருமையாக வேலை செய்தது. கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான், எந்தப் பாசியிலிருந்து, எந்த மாதத்தில், யாருடைய அனுமதியோடு எடுத்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது தெரிந்தது. கொடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். கேட்டால் அவருக்கும் நினைவில்லை. ஓராண்டு உழைப்பை மூடி வைத்தோம்.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தத் தாள் போதாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தில் உயிரியல் வளம் என்பது நுண்ணுயிர்களையும் உள்ளடக்கியது. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ ஆய்வுக்காக அதைப் பெறுவதற்குச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்ட கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு 5ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்பதை அனுப்பும் முன்பே அலுவலகம் பார்க்க வேண்டும். பின்னால் காப்புரிமை கோருவதானால் அதற்குத் தனியே 6ஆம் பிரிவு இருக்கிறது. கடல் அட்டை, பவளம், கடல் விசிறி ஆகியவற்றை நம் ஆய்வகங்களுக்குள் அனுப்புவதற்கே சிக்கல் உண்டு. அவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதால், எடுப்பதற்கே வனத்துறை அனுமதி தேவை. இரண்டு ஆய்வகங்கள் தமக்குள் கையெழுத்திட்டுக்கொள்ளும் தாள், இருவரிடமும் இல்லாத உரிமையை உண்டாக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கரையில் ‘பெப்சிப் பாசி’ என்று பெயர் பெற்ற கப்பாபைகஸ் ஏற்றுமதியானபோது, ஆணையத்தின் வழியாகச் செலுத்தப்பட்ட பங்குத் தொகை இங்கே பாசி வளர்ப்போருக்குப் பிரித்துத் தரப்பட்டது. வணிகத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆய்வக ஒப்பந்தங்களிலோ, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்தைப் பறித்துத் தந்த பெண்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. உங்கள் பாசி அப்படித்தான் கிடைத்தது என்றால், ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளில் இடம், நாள், பாசியின் பெயர், அனுமதி எண் இவற்றோடு அதையும் எழுதுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அந்த இணைப்பை நீங்களே நிரப்பி நாளை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பல கோப்புகள் அது இல்லாமல்தான் நகராமல் கிடக்கின்றன.

அன்புடன்.